அந்தமான் ஹேவ்லாக் தீவுல வாடகை வீடு, முழுப் பணமும் முன்னாடியே கேக்குறாங்க

வணக்கம்ங்க, நாங்க கிருஷ்ணகிரி. ஜனவரி கடைசில பெங்களூருல இருந்து ஃப்ளைட்ல போர்ட் பிளேயர், அடுத்த நாள் ஃபெரில ஹேவ்லாக், 7 பேர், 4 ராத்திரி, சமைக்க வசதி வேணும்னு (அம்மாவுக்கு ரசம் இல்லாம ஆகாது) கோவிந்த் நகர் பக்கம் தனி வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கோம். ஓனர் முழுப் பணமும் இப்பவே ஜிபே பண்ணச் சொல்றார், காத்து மழைன்னு ஃபெரி கேன்சல் ஆனாலும் ரீஃபண்ட் கிடையாதாம். பாதி இப்ப, மீதி சாவி வாங்கும்போதுன்னு கேட்டேன், முடியாதுன்னுட்டார். வீடியோ கால்ல வீட்டக் காட்டச் சொன்னா நெட் இல்லைங்கறார், அங்க நெட் வீக்குதான், அதனால பொய்யின்னும் சொல்ல முடியல. வீட்டு போட்டோவ கூகுள்ல போட்டுத் தேடினா, அதே தீவுல இருக்கற விஜய் நகர் பீச்ன்னு வேற பேர்ல வருது. டிக்கெட் போட்டாச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நேர்ல போகாம அந்த வீடு நிஜமாவே இருக்கான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?