கோஷர் உணவகங்களுக்கான சொற்கள்: ‘சைவம்’ பொருந்தாது

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் நகர உணவக வழிகாட்டிச் செயலியைத் தமிழாக்குகையில் ‘கோஷர்’ (யூத சமய உணவு நெறிக்கு உட்பட்டது) என்பதற்குத் ‘தூயவுணவு’ என எழுதலாம் என்று ஐயா அவர்கள் முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எபிரேயத்தில் அச்சொல்லுக்குத் ‘தகுந்தது’ என்பதே பொருள். தூய்மை என்று எழுதினால் பக்கத்துக் கடைச் சோறு அழுக்கு என்றாகிவிடும். ஹலாலை ஹலால் என்றே எழுதிப் பழகிய நாம் கோஷரையும் அவ்வாறே விட்டுவிடலாம். சொல் தேவைப்படுவது அதற்கு உட்பட்ட வகைகளுக்குத்தான்.

கோஷர் நெறியில் இறைச்சியும் பாலும் ஒன்றுசேரக் கூடாது, பாத்திரங்களும் தனித்தனி. ஆகவே அங்குள்ள கோஷர் உணவகம் பெரும்பாலும் இறைச்சியுணவகமாக இருக்கும், இல்லையேல் பாலுணவகமாக இருக்கும். இவ்விரண்டிலும் சேராத காய், தானியம், முட்டை, மீன் ஆகியவற்றைப் ‘பாரெவ்’ என்பார்கள். நம் கோப்பில் இதற்குச் ‘சைவம்’ என்று நிரப்பப்பட்டிருக்கிறது. அதை நம்பிச் செல்லும் மரக்கறிக்காரரின் தட்டில் மீன் வந்து விழும். பாலுணவகத்திலும் இதே இடர் உண்டு: பேகல் ரொட்டியை இரண்டாகப் பிளந்து, கிரீம் சீஸைத் தடிமனாகத் தடவி, அதன்மேல் மெல்லிதாகச் சீவிய சால்மன் மீனை அடுக்கித் தருவது அங்கே வழக்கமான காலையுணவு.

பாரெவுக்கு ‘நொதுமல்’ என்பதை முன்வைக்கிறேன். பகையும் நட்பும் அல்லாத நிலைக்குப் பரிமேலழகர் ஆண்ட சொல் அது. இறைச்சியின் பக்கமும் பாலின் பக்கமும் சாயாத உணவுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. ‘பொதுவுணவு’ எளிதுதான், ஆனால் எல்லாருக்கும் உரியது என்ற பொருளே முந்திக்கொள்ளும்.

சமையலறையில் நெறி பிறழாமல் பார்த்துக்கொள்ளும் ‘மஷ்கியாஹ்’ என்பவரைக் ‘கண்காணி’ எனலாம்; ஆனால் மலையகத் தோட்டத்துக் கங்காணியின் நிழல் விழுவதால் ‘நெறி மேற்பார்வையாளர்’ என்றே வைக்கலாம். நெறியைப் பின்பற்றாமல் அச்சாயலில் மட்டும் உணவு தரும் ‘கோஷர் ஸ்டைல்’ கடைகளுக்குக் ‘கோஷர் பாணி’ என்ற மொழியாக்கத்தைக் கைவிட வேண்டும். ஹூஸ்டன் தெருவிலுள்ள, 1888இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் காட்ஸ் கடை அவ்வகையில் பெயர் பெற்றது, ஆனால் அங்கே இறைச்சியோடு சீஸும் வைத்து சாண்ட்விச் தருகிறார்கள். அது கோஷர் அன்று. ‘கோஷர் சாயல்’ என்றால் படிப்பவர் ஒரு கணம் தயங்குவார்.

லெக்சிங்டன் அவென்யூவில், 28ஆம் தெருவை ஒட்டிய பகுதியில், தென்னிந்தியத் தோசைக் கடைகள் சில கோஷர் சான்று பெற்று நடந்திருக்கின்றன. இறைச்சியே நுழையாத அடுப்பானாலும் கீரையில் பூச்சி இல்லை என்று உறுதிசெய்வது முதலியவற்றுக்கு அங்கும் மேற்பார்வை வேண்டும். நெய்த்தோசையால் அத்தகைய கடை பாலுணவகம். மீனும் முட்டையும் இல்லாததால் சைவமும்கூட. ‘பாலுணவகம்’, ‘சைவம்’ இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் பேகல் கடைக்கும் தோசைக் கடைக்கும் வேறுபாடு தெரியாது. எனவே செயலியில் ‘சைவம்’ தனிப் பெட்டியாகவே இருக்கட்டும். ‘நொதுமல்’ கடினம் என்று கருதுவோர் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்.