ஹனிஃபாருவைப் பூட்டலாமா? மான்டா திருக்கையும் சுற்றுலாவும்

கச்சான்:
இந்த வாரம் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் வீடியோவைப் பார்த்தேன். மாலத்தீவின் பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) இருக்கும் ஹனிஃபாரு விரிகுடா. கீழே மான்டா திருக்கைகள் வாயைப் பிளந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடிக்கின்றன. மேலே பார்த்தால் நீந்துகிறவர்களின் கால்கள், கால்கள், கால்கள். என் கட்சியை நேராகச் சொல்லிவிடுகிறேன்: அந்த விரிகுடாவைப் பார்வையாளர்களுக்கு முழுதாக மூட வேண்டும்.

அங்கே மான்டா தினமும் கூடுவதில்லை. மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்தான். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்றம், நீரை உள்ளே தள்ளினால்தான் மிதவை உயிரிகள் அந்த முட்டுச்சந்துக்குள் வந்து தேங்கும். சில மணி நேர விருந்து, அவ்வளவுதான். மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள விலங்கு கண்ணுக்கே சரியாகத் தெரியாத உயிர்களைத் தின்று உடம்பை வளர்க்க வேண்டும். அந்த நேரத்தில் பாதையை மறித்தாலோ துரத்தினாலோ அது தின்பதை விட்டுவிட்டுப் போய்விடும். விட்டுப்போன சாப்பாடு மறுநாள் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பவளத்தான்:
நண்பரே, நான் அதே அட்டோலில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறேன். சம்பளம் வாங்குகிறவன் இப்படித்தான் பேசுவான் என்று யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஹனிஃபாரு 2009இல் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. 2011இல் பா அட்டோல் முழுவதும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். அதற்குப் பிறகு அங்கே காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்குத் தடை, மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்து பார்க்கும் ஸ்னார்கெல் மட்டும்தான். ஒரே நேரத்தில் 5 படகு, 80 பேர், 45 நிமிடம். ரோந்துக்காரர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கான பணம் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. நாளைக்கே மூடினால் அந்தப் பணம் நின்றுவிடும். ஆளில்லாத விரிகுடாவை யார் காவல் காப்பார்கள்?

உலகம் முழுவதும் மான்டா சுற்றுலாவின் மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலர் என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. செத்த மான்டாவுக்கு ஒரே ஒரு முறைதான் விலை. உயிரோடு இருப்பது பல பத்தாண்டுகள் சம்பாதித்துக் கொடுக்கும்.

கச்சான்:
இந்தக் கணக்கு இந்தோனேசியாவுக்குப் பொருந்தும். அங்கே லமக்கெரா போன்ற ஊர்களில் மான்டாவைத் தேடிப்போய் வேட்டையாடினார்கள். 2014இல் நாடு முழுக்கத் தடை வந்தபோது சுற்றுலா வருமானம் ஒரு வலுவான வாதமாக இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாலத்தீவில் மான்டாவைப் பெரிய அளவில் பிடித்ததே கிடையாது. அவர்களுடைய சூரை மீன்பிடி காலம்காலமாகத் தூண்டிலில் நடப்பது. திருக்கை ஏற்றுமதியைத் தொண்ணூறுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். கொல்லாதவனிடம் போய், கொல்லாமல் இருப்பதற்குக் கூலி தருகிறோம் என்கிறீர்கள். சுற்றுலா அங்கே எதையும் காப்பாற்றவில்லை. இல்லாத தொந்தரவைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறது.

புதுத்துடுப்பு:
நடுவில் ஒரு சந்தேகம். இது கொட்டுமா?

பவளத்தான்:
கொட்டாது. வாலில் கொட்டும் முள் இல்லை. வாயும் மிதவை உயிரிகளை அள்ளத்தான். பயப்பட வேண்டியது அது, நீங்கள் அல்ல.

தருவைகுளத்தான்:
அண்ணாச்சி ரெண்டு பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற மான்டாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நாங்கள் பார்ப்பது வலையில். சூரைக்கும் மயில் மீனுக்கும் விடும் வழிவலையில், அதாவது கடலோட்டத்தோடு மிதக்கவிடும் வலையில், கொம்புத் திருக்கை (உங்கள் மான்டாதான்) தானாக வந்து மாட்டும். மற்ற திருக்கை போல அது தரையில் கிடந்து மூச்சுவிடாது. நீந்தினால்தான் செவுளுக்குள் தண்ணீர் போகும். வலை சுற்றினால் கதை முடிந்தது. வலையும் கிழிந்துவிடும்.

இறைச்சிக்குப் பெரிய விலை கிடையாது. செவுளில் இருக்கும் சல்லடையைத்தான் காயவைத்து வாங்கிப் போனார்கள். சீனாவில் குவாங்சோ பக்கம் மருந்து என்று விற்பார்களாம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்ஸின் பட்டியலில் 2013இல் மான்டாவைச் சேர்த்தார்கள், 2014இல் அமலுக்கு வந்தது. சரி, ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு. ஆனால் வலைக்குச் சைட்ஸ் தெரியாதே? இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, எங்கே பார்த்தாலும் இதே கதைதான். 80 பேர் நீந்துவதால் ஒரு மான்டாவும் சாகவில்லை.

பவளத்தான்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உண்மையான எதிரி வலை.

கச்சான்:
அவசரப்படாதீர்கள். தருவைகுளத்தார் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் வேறு இனம். 2009இல்தான் மான்டாவை இரண்டு இனமாகப் பிரித்தார்கள். ஆழ்கடலில் திரியும் பெரியது ஏழு மீட்டர் அகலம் வரை வளரும். பாறைத்திட்டு மான்டா அதைவிடச் சிறியது. வழிவலைக்காரர் நடுக்கடலில் சந்திப்பது பெரியதை. மாலத்தீவில் அது தெற்கே ஃபுவாமுலா பக்கம் மார்ச், ஏப்ரலில் வந்து போகும். ஹனிஃபாருவில் கூடுவது சிறியது. அது பருவக்காற்றுக்கு ஏற்ப அட்டோல்களின் கிழக்குக்கும் மேற்குக்கும் மாறிக்கொண்டு பெரும்பாலும் அந்த நாட்டுக்குள்ளேயே வாழ்கிறது. வயிற்றுப் புள்ளிகளை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, ஐயாயிரத்துக்கும் மேல் பதிவு செய்திருக்கிறார்கள். வலை பெரியதைக் கொல்கிறது என்பது, சிறியதைத் தொந்தரவு செய்ய நமக்குக் கிடைத்த அனுமதி ஆகாது.

கர்ப்பம் ஓர் ஆண்டுக்கு மேல். ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்தது எப்போது? பல ஆண்டு கழித்து. இரை குறைந்த ஆண்டுகளில் இன்னும் தள்ளிப்போகும். அதனால்தான் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். சாவு எண்ணிக்கையில் இது வராது. பிறக்காமல் போன குட்டியை யார் எண்ணுவது?

தருவைகுளத்தான்:
இனம் வேறு என்றால் வேறுதான். ஆனால் பெரியதும் அதே வேகத்தில்தான் குட்டி போடுகிறது. அதற்கு யார் காவல்? மாட்டியதை உயிரோடு விட வேண்டுமென்றால் வலையை அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு எவன் காசு கொடுப்பான்? உங்கள் 14 கோடி டாலரில் எங்கள் கரைக்கு ஒரு காசு வந்திருக்கிறதா?

பவளத்தான்:
நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கச்சானுக்கு ஒன்று: இரை குறைவதற்குக் கடல் சூடாவதும் பருவக்காற்று தளர்வதும் காரணமா, ஸ்னார்கெல் குழாய் காரணமா? மனிதர்கள் இல்லாத நாளிலும் ஓதம் பொய்த்தால் அங்கே மான்டா இல்லை.

கச்சான்:
ஓதத்தை நம்மால் திருத்த முடியாது, நண்பரே. கூட்டத்தை முடியும்.

80 பேர் என்பது ஒரு நேரத்துக் கணக்குதானே? 45 நிமிடம் முடிந்து அவர்கள் படகில் ஏறினால் அடுத்தவர்கள் இறங்குவார்கள். மான்டாவுக்கு இடைவேளை எப்போது? முழுதாக மூட மனம் வரவில்லை என்றால் பெரிய ஓத நாளில் ஒரே ஒரு குழு. மிச்ச நேரம் அதற்கு.

பவளத்தான்:
அந்த நாளுக்காகத்தானே விருந்தினர்கள் பணம் கட்டி வருகிறார்கள்! ஒரு குழு என்றால் மற்ற படகுகள் சும்மா நிற்காது. பக்கத்துப் பாறைத்திட்டுகளுக்குப் போகும். அங்கே மான்டாக்கள் சின்ன மீன்களிடம் ஒட்டுண்ணிகளைக் கொத்தவிட்டு அசையாமல் மிதக்கும் இடங்கள் இருக்கின்றன. ரோந்து கிடையாது, படகு எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது, படகை உந்தும் சுழலி ஓடிக்கொண்டே இருக்கும். சுழலி வெட்டிய துடுப்போடு வரும் மான்டாவை நாங்கள் பார்க்கிறோம். ஹனிஃபாருவை இறுக்கினால் அந்த இடங்களையும் சேர்த்து இறுக்க வேண்டும். அதற்கு இன்னும் ரோந்து, இன்னும் கட்டணம், இன்னும் விருந்தினர்கள்.

கச்சான்:
அந்தச் சுழலிப் படகுகள் யாருடையவை, சொல்லுங்கள் பார்ப்போம்?

பவளத்தான்:
ரிசார்ட்டுகளுடையவையும் உண்டு. உள்ளூர் விடுதிக்காரர்களுடையவையும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், கட்டணம் வாங்கும் இடத்தில்தான் அவர்களைப் பிடிக்க முடியும்.