புதுப்பிப்பு: ராத்திரி வயிறு உப்பல், எது பலன் தந்தது?

காட்பாடியிலிருந்து மறுபடியும் நான்தான். ராத்திரி சாப்பிட்டதும் வயிறு கல்லு மாதிரி உப்பி, ஏப்பமும் வராமல் தூக்கம் கெடுகிறது என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஓமத் தண்ணீர். அரை ஸ்பூன் ஓமத்தை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாதியாகச் சுண்டவிட்டு வெதுவெதுப்பாகக் குடித்தால் அப்போதைக்கு நன்றாகவே இருந்தது, ஆனால் மறுநாள் அதே கதைதான். புதினா டீ நெஞ்செரிச்சலைக் கிளப்பியது, விட்டுவிட்டேன்.

உண்மையில் பலன் தந்தது, பதில் சொன்னவர்களில் குடியாத்தம் அக்கா சொன்ன மொச்சை விஷயம். எங்கள் வீட்டுக் காரக்குழம்பில் முள்ளு கத்திரிக்காயோடு மொச்சையும் இருந்தே ஆகணும். காய்ந்த மொச்சையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்த நுரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக மசிய வேகவைத்துப் பெருங்காயம் சேர்க்கச் சொன்னார். பயறுகளில் உள்ள ராஃபினோஸ் மாதிரி சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா புளிக்கவைப்பதால்தான் இந்தக் காற்று. ஊறிய தண்ணீரோடு அதில் ஒரு பகுதி போய்விடுகிறது.

எதிர்பாராதது பால். படுக்கும் முன் குடிப்பதை நிறுத்தி மதியம் மோருக்கு மாறியதும் மிச்ச உப்பலும் அடங்கியது. அப்புறம், கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவைப் படித்து வாங்குங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றிருந்தால் ஓமத்தோடு நிற்காமல் டாக்டரைப் பாருங்கள்.