ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு வரி (ரோ) மட்டும் எடுப்பது எப்படி? (மைஎஸ்க்யூஎல் 5.7 டேட்டாபேஸ்)

வணக்கம். ரெண்டு நாளா இதுலயே மாட்டிக்கிட்டு நிக்கிறேன். கடை பில்லிங் டேபிள்ல ஐடி, கஸ்டமர் ஐடி, தேதி, தொகை இருக்கு. சுமார் 40,000 வரி. ஒவ்வொரு கஸ்டமரோட கடைசி பில் மட்டும் தொகையோட வேணும்.

ஒரே மாதிரி வரிகளை நீக்குற டிஸ்டிங்ட் முழு வரியையும் ஒப்பிடுது, ஒண்ணும் குறையல. கஸ்டமர் வாரியா வரிகளைச் சேர்க்குற குரூப் பை போட்டா 1055 எரர். அந்த எரரைத் தர்ற ஒன்லி ஃபுல் குரூப் பை மோடை அணைச்சா மேக்ஸ் (கடைசி) தேதி சரி, தொகை வேற ஏதோ பில்லோடது. இதுக்கு எரரே தேவலாம்!

மேக்ஸ் தேதியை சப்கொய்ரில (கொய்ரிக்குள்ள இன்னொரு கொய்ரி) எடுத்து அதே டேபிளோட ஜாயின் பண்ணேன். ஒரே நாள்ல ரெண்டு பில் இருந்தா ரெண்டு வரி வருது. தேதியோட நேரம் சேமிக்கல. பழைய பில்லைப் பின்னாடி ஏத்துறதால மேக்ஸ் ஐடியை மட்டும் நம்ப முடியாது. வரிகளுக்கு வரிசை எண் போடுற ரோ நம்பர் மைஎஸ்க்யூஎல் 8.0-லதான் இருக்கு, சர்வரை மாத்த வழியில்ல.

கடைசித் தேதில பல பில் இருந்தா, பெரிய ஐடி உள்ளதை மட்டும் எடுக்க 5.7-ல கொய்ரி எப்படி எழுதணும்?