அணை ஏரி மீனில் பாதரசம்: நீர்மின்சாரம் சுத்தமானதுதானா?

கதிரவன்: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லா கிராண்ட் ஆற்றில் கட்டிய அணைகள் மீனை விஷமாக்கிவிட்டன என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அணை கட்டியவர்கள் யாரும் பாதரசத்தைக் கொண்டுவந்து கொட்டவில்லை. கரி எரிக்காமல் ஒரு மாகாணத்துக்கே மின்சாரம் கிடைக்கிறது. மீனில் ஏறிய பாதரசமும் 20, 30 வருடத்தில் இறங்கிவிடும். இதற்கு இவ்வளவு கூச்சல் ஏன்?

மலர்விழி: சார், கொட்டவில்லை, சரி. மண்ணில் சும்மா கிடந்ததைக் கிளப்பிவிட்டது யார்? காடும் சதுப்பும் மூழ்கியதும் இலை, வேர், மக்கு எல்லாம் அழுகும். காற்றில்லாத அந்தச் சேற்றில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக, அதாவது உடம்பில் சேர்ந்து தங்கும் நச்சு வடிவமாக, மாற்றும். பூச்சி, சின்ன மீன், பெரிய மீன் என்று படிக்குப் படி அது கூடும். நம்மூர் விரால் மாதிரி மற்ற மீனைத் தின்று வளரும் மீனில்தான் அதிகம். அலசினாலும் வறுத்தாலும் போகாது, சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1984-ல் அந்த லா கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள சிசாசிபி ஊரில் கிரீ பழங்குடி மக்களைச் சோதித்தார்கள். 100-க்கு 64 பேருக்கு உடம்பில் பாதரசம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைத் தாண்டியிருந்தது. 30 வருடம் என்று லேசாகச் சொல்கிறீர்கள். ஏரி நிரம்பிய 1979-ல் கல்யாணமான பெண் பேரன் பேத்தி எடுக்கும் காலம் அது.

கதிரவன்: அதற்காகத்தானே 1986-ல் கிரீ மக்களோடு பாதரச ஒப்பந்தமே போட்டார்கள்? எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொன்னார்கள், பிறகு மக்கள் உடம்பில் அளவு குறைந்தது. அந்த மண்ணில் இருந்த பாதரசத்தில் ஒரு பங்கு நிலக்கரிப் புகையிலிருந்து வந்து படிந்தது. அணையை விட்டால் திரும்ப அந்தக் கரிதான்.

மலர்விழி: குறைந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் மீனைக் குறைத்தது. வலை போட்டு, புகையில் உலர்த்தி, ஊரோடு பகிர்ந்து உண்ட சாப்பாடு அது. அதை விட்டுவிட்டுக் கடையில் டப்பா வாங்கு என்றால் அது நிவாரணமா?

ரகு: நடுவில் ஒரு வார்த்தை. இதெல்லாம் தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்றுதான் நான் பார்ப்பேன். கனடாவின் கிழக்கே லாப்ரடாரில் மஸ்கரட் ஃபால்ஸ் அணைக்கு எதிராக 2016-ல் இனுயிட் பழங்குடி மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2018-ல் நிபுணர் குழு, நீர் நிரப்புமுன் மேல்மண்ணில் ஒரு பகுதியை அகற்றச் சொன்னது. 2019-ல் மண்ணை அள்ளாமலே நிரப்பிவிட்டார்கள்.

கதிரவன்: அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அணை வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்த மண்ணை அள்ளும் செலவு மின்சாரம் வாங்குபவர் தலையில் விழட்டும்.

மலர்விழி: அந்தச் செலவையும் சேர்த்து யூனிட் விலையைப் போடுங்கள், அப்புறம் மலிவா என்று பேசலாம்.