தோலுரித்து நான்கு நாளான டாரன்டுலாக் குஞ்சு இரையைக் கண்டு ஓடுகிறது

முதல்சிலந்தி (கேள்வி):
வணக்கம். ஏழு மாதங்களாக மெக்சிகோ செம்முழங்கால் டாரன்டுலா என்ற பெரிய, மயிரடர்ந்த சிலந்தி இனத்தின் குஞ்சு ஒன்றை வளர்த்து வருகிறேன். கால்களை விரித்து நிற்கும்போது அளந்தால் இரண்டரை சென்டிமீட்டர்தான் வரும். மூன்று வாரமாக வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தது. ஞாயிறு இரவு பெட்டியின் பக்கவாட்டில் பார்த்தபோது மல்லாந்து கிடந்ததால் இறந்துவிட்டது என்றே எண்ணினேன். விடிந்ததும் பார்த்தால் பக்கத்தில் பழைய தோல் கிடக்கிறது. ஆனால் இடப்புறத்து இரண்டாம் கால் தோலிலேயே சிக்கிக் கழன்றுவிட்டது. பசியோடு இருக்குமே என்று நேற்று ஒரு சிறிய சிள்வண்டை உள்ளே விட்டேன். அதைக் கண்டு பின்வாங்கி ஓடுகிறது. வயிறும் முன்பைவிடச் சுருங்கித் தெரிகிறது. பட்டினியால் இறந்துவிடுமோ? தினமும் தண்ணீர் தெளிக்கலாமா?

வளைவாசி:
இதைப் படித்தவுடன் அந்தச் சிள்வண்டை வெளியே எடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். தோலுரித்த சிலந்தியின் உடல் சில நாள்களுக்கு மெழுகைப்போல மென்மையாக இருக்கும் என்பதால், பசியெடுத்த சிள்வண்டு அதைக் கடித்துக் குதறிவிடக்கூடும்.

உங்கள் குஞ்சு இரையை வெறுக்கவில்லை, இப்போது உண்ணும் நிலையில் அது இல்லை, அவ்வளவுதான். தோலுரிக்கும்போது வெளித்தோல் மட்டுமல்லாமல் நச்சுப்பற்களின் உறையும், இரையின் சாற்றை உறிஞ்சும் வயிற்றின் உள்வரியும்கூடக் கழன்று புதிதாகின்றன. புதிய பற்கள் முதலில் வெண்மையாகவும், பிறகு செம்பழுப்பாகவும், முழுதும் இறுகியபின் கறுப்பாகவும் மாறும். அது கண்ணாடிச் சுவரில் ஏறும்போது கீழிருந்து பற்களின் நிறத்தைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பழைய தோலில் உள்ள பற்களோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கறுக்கும்வரை இரை வேண்டாம். இந்த அளவுக் குஞ்சுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும். வளர்ந்த சிலந்திக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சேமித்ததைச் செலவிட்டுத்தான் அது வளர்ந்திருக்கிறது என்பதால் வயிறு சுருங்கியிருப்பதும் இயல்பே.

நார்த்தூள்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். உணவைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். சிலந்தி தன் கால்களைத் தசையால் நீட்டுவதில்லை, உடல் திரவத்தின் அழுத்தத்தால் நீட்டுகிறது. நீர் குறைந்தால் கால்கள் உடலுக்கடியில் சுருண்டுகொள்ளும். ஒரு புட்டி மூடியில் நீர் வைத்து, மண்ணின் ஒரு மூலையை மட்டும் ஈரமாக்குங்கள். குஞ்சின்மீது தெளிக்க வேண்டாம். இந்த இனம் மெக்சிகோவின் பசிபிக் கரையோர வறண்ட காடுகளைச் சேர்ந்தது. பெட்டி முழுவதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சைதான் வளரும். குளிர்கிறது என்று பெட்டிக்கு அடியில் சூடேற்றும் விரிப்பையும் வைத்துவிடாதீர்கள், ஏனென்றால் வெப்பத்திலிருந்து தப்ப மண்ணைத் தோண்டிக் கீழே போவதே சிலந்தியின் வழக்கம், அங்கே சூடு இன்னும் அதிகமாக இருக்கும்.

முதல்சிலந்தி:
மிக்க நன்றி. சிள்வண்டை எடுத்துவிட்டேன். பற்கள் செம்பழுப்பாகத் தெரிகின்றன. கழன்ற காலைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? பழைய தோலைக் கொண்டு ஆணா பெண்ணா என்று அறியலாம் என்கிறார்களே, அது உண்மையா?

வளைவாசி:
காயத்திலிருந்து திரவம் கசியவில்லை என்றால் கால் பற்றி எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த தோலுரிப்பில் மெலிந்து குட்டையான புதிய கால் வரும். அதற்கடுத்த ஒன்றிரண்டு முறைகளில் மற்றவற்றுக்கு ஏறக்குறைய இணையாகிவிடும். குஞ்சுகள் அடிக்கடி தோலுரிப்பதால் இதற்கு நெடுநாள் ஆகாது. எட்டுக் கால் உள்ள பிராணிக்கு ஒரு கால் போவது பெரிய இழப்பும் அன்று. ஆனால் கையில் எடுக்காதீர்கள். மென்மையான வயிற்றோடு சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் அது வெடித்துவிடலாம்.

தோலைப் பற்றி நீங்கள் கேட்டது உண்மைதான். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த நீரில் ஊறவைத்து விரித்தால், வயிற்றுத் தோலின் உட்புறத்தில், முன்பக்கப் புத்தக நுரையீரல்களுக்கு (ஏடுகள்போல அடுக்கிய மூச்சு உறுப்புகள்) இடையே, பெண்ணாக இருந்தால் ஆணின் விந்தைச் சேமித்துவைக்கும் விந்துப்பை மடல்போலத் தெரியும். இவ்வளவு சிறிய தோலில் நுண்ணோக்கி இல்லாமல் அதைக் காண்பது கடினம். இன்னும் சில தோலுரிப்புகள் போகட்டும்.

நார்த்தூள்:
முதல் இரையாக, தலை நசுக்கிய சிறு சிள்வண்டையோ அதன் ஒரு காலையோ வளைவாயில் இரவில் வையுங்கள். காலையில் தீண்டாமல் கிடந்தால் எடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து மீண்டும் வையுங்கள்.