'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்': அந்த ஓர்கன் யாருடையது?

கொட்டகலைக்காரன்:
எங்கள் தாத்தா டீ மேக்கராக இருந்தவர். ரேடியோவில் ஆங்கிலப் பாட்டுக் கேட்டே வளர்ந்த மனுஷன். அவர் விட்டுப்போன இசைத்தட்டுகளில் புரோகோல் ஹாரம் குழுவின் இந்தப் பாட்டும் இருக்கிறது. லேபிளில் புரூக்கர், ரீட் என்று இரண்டு பெயர்தான். இணையத்தில் தேடினால் ஃபிஷர் என்று மூன்றாவதாக ஒருவரும் வருகிறார். இவர் எப்போது உள்ளே வந்தார்? அப்புறம், பாக் என்ற பழைய ஜெர்மன் இசையமைப்பாளரைக் காப்பியடித்த மெட்டு என்கிறார்களே, உண்மையா?

கீபோர்ட் அண்ணன், ஹட்டன்:
தம்பி, நான் கல்யாண வீட்டிலும் சேர்ச்சிலும் கீபோர்ட் வாசிக்கிறவன். அதனால் ஃபிஷர் பக்கம்தான் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரிகள் கீத் ரீட் எழுதியவை. ஒரு விருந்தில் யாரோ ஒரு பெண்ணிடம் அவள் முகம் வெளிறியதைப் பற்றிச் சொன்ன வார்த்தை இவர் காதில் விழ, அதைத் தலைப்பாக்கிக்கொண்டார். மெட்டும் கோர்டுகளும் (சேர்த்து வாசிக்கும் சுரக் கூட்டங்கள்) கேரி புரூக்கருடையவை. ஓர்கன்காரர் மத்தியூ ஃபிஷர் அதற்குப் பிறகுதான் குழுவில் சேர்ந்தார். 1967 மே மாதம் பாட்டு வெளிவந்து, பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது.

பாக் விஷயம் பாதி உண்மை. ஸி மேஜர் ஸ்கேலில் இடது கையை மட்டும் வாசித்துப் பாருங்கள்: ஸி, பி, ஏ, ஜி என்று சுரங்கள் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே போகும். பாக்கின் 'ஏர்' என்ற இசைத்துண்டு தொடங்கும் விதமும் அதுதான். ஆனால் அதன்மேல் வலது கையில் ஓர்கன் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்து, பிறகு வளைந்து இறங்குகிறதே, அது காப்பி இல்லை. ஃபிஷர் கட்டியது. யாராவது இந்தப் பாட்டை முணுமுணுத்தால் முதலில் வாயில் வருவதும் அந்த ஓர்கன்தான், வரிகள் இல்லை.

2005இல் அவர் வழக்குப் போட்டார். 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. தீர்ப்புச் சொன்ன நீதிபதி சட்டத்தோடு இசையும் படித்தவர். ஓர்கன்காரருக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம்!

எனக்கும் இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. கொழும்பில் ஒரு ரெக்கோர்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். பாட்டுக்கு இடையிசையே இல்லை, நீயே ஏதாவது போடு என்றார்கள். போட்டேன். கெசட் வந்தபோது அட்டையில் என் பெயரைத் தவிர எல்லார் பெயரும் இருந்தது, சாப்பாடு கொண்டுவந்த பையன் பெயர் உட்பட. எனக்குக் கிடைத்தது பஸ் காசு.

ஊவாக்காரி:
அண்ணே, உங்கள் கதை பாவம்தான். ஆனால் ஃபிஷர் 38 வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்? 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைத்தானே கேட்டது. இணை ஆசிரியர் என்ற பெயர் இருக்கட்டும், காசு கிடையாது என்று அனுப்பிவிட்டது. பாட்டின் கோர்டுகள் எல்லாம் புரூக்கர் ஏற்கெனவே போட்டு வைத்தவை. நாளைக்குத் தபேலாக்காரரும் பங்கு கேட்டால் பாட்டு எழுதினவர் எங்கே போவார்?

கீபோர்ட் அண்ணன், ஹட்டன்:
தங்கச்சி, தாளம் பிடிப்பது வேறு, புதிதாக ஒரு மெட்டுக் கட்டுவது வேறு. அந்த ஓர்கனை எடுத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள், பாயாசத்தில் சீனி போட மறந்த மாதிரி இருக்கும்.

கதை 2008இல் முடியவும் இல்லை. 2009 ஜூலையில் பிரபுக்கள் சபையின் சட்டப் பிரபுக்கள், அதாவது அப்போது அந்நாட்டின் கடைசி மேல்முறையீட்டைக் கேட்ட நீதிபதிகள், ஐந்து பேரும் ஒருமனதாகக் காசுக்கான உரிமையையும் திருப்பிக் கொடுத்தார்கள். இப்படி ஒரு உரிமையைக் கேட்பதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் காலக்கெடு இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். சில மாதத்தில் அந்த வேலை புதிய உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவரான ஹேல் அம்மையார், அறுபதுகள் ஞாபகம் இருக்கிறவள் என்ற முறையில் தனக்கு இதில் சந்தோஷம் என்று எழுதியே வைத்தார்.

ஆனால் நீங்கள் சொன்ன தாமதத்துக்கு விலை இல்லாமல் போகவில்லை. பங்கு கிடைத்தது 2005க்குப் பிறகு வந்த வருமானத்தில் மட்டும். பாட்டு உச்சத்தில் ஓடிய வருடங்களின் காசு போனது போனதுதான்.

கொட்டகலைக்காரன்:
நன்றி அண்ணே, அக்கா. தாத்தாவின் இசைத்தட்டு 1967க்காரன், அதில் ஃபிஷர் பெயர் இல்லாதது இப்போது புரிகிறது. சாதாரண கீபோர்டில் அந்தச் சத்தம் வருமா?

கீபோர்ட் அண்ணன், ஹட்டன்:
வரும். ஓர்கன் டோன் எடுத்து, ரோட்டரி எஃபெக்டை மெதுவில் வையுங்கள். அவர் வாசித்தது ஹமண்ட் ஓர்கன். உள்ளே சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரில்தான் அந்த அலையும் சத்தம் வருகிறது. எதிரொலியைக் கூட்டி வைக்காதீர்கள், இடது கை இறங்குவது கேட்காமல் போய்விடும்.